முந்திரிகைச் சரிவில் அம்மா

1

சென்ற கிழமை தொலைக்காட்சியில் எண்பத்தேழாம் ஆண்டுப் புயலைத் திரும்பக் காட்டினார்கள். பத்து வருடம் ஆகிவிட்டதாம். தெருவுக்குக் குறுக்கே கிடந்த மரங்கள், நசுங்கிய கார்கள், கூரை பறந்த வீடுகள். மகள் தாரணி சோபாவில் காலை மடித்து வைத்துக்கொண்டு சீரியல் சாப்பிட்டபடி பார்த்தாள்.

"அம்மா, நீங்க அப்ப இங்கயா இருந்தனீங்க?"

"ஓம். நீயும்தான். உனக்கு அப்ப அஞ்சு வயசு."

"ஐ டோன்ட் ரிமெம்பர்" என்று தோளைக் குலுக்கினாள். பிறகு நினைவு வந்தவளாக, பள்ளிக்கூடத்தில் தன்னுடைய அம்மப்பாவுக்கு முந்திரிகைத் தோட்டம், கிரேப்ஸ் தோட்டம், இருந்தது என்று சொன்னதாகவும், கூட்டாளிகள் எல்லோரும் பிரான்ஸ் நாட்டு மாளிகை ஒன்றைக் கற்பனை செய்துவிட்டார்கள் என்றும் சொல்லிச் சிரித்தாள். "அம்மப்பா ரிச்சா, அம்மா?"

கோண்டாவிலில் இரண்டு பரப்புச் செம்மண் காணியும் ஒரு கிணறும் ஒரு தண்ணீர்ப் பம்பும் வைத்திருந்தவரைப் பணக்காரர் என்பதா, இல்லையா என்று எனக்கு ஆங்கிலத்திலும் சொல்லத் தெரியவில்லை, தமிழிலும் சொல்லத் தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த என் அம்மா எழுந்து குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டார். தாரணிக்கு அது ஏன் என்று தெரியாது. அவளுக்கு நான் சொன்னதில்லை. அவளுக்குச் சொல்லும் அளவுக்கு என் ஆங்கிலமும் இல்லை, கேட்கும் அளவுக்கு அவளுடைய தமிழும் இல்லை. ஆகவே ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நாங்கள் எண்பத்தைந்தில் லண்டன் வந்தோம். நோர்பரியில் ஒரு வீட்டின் மேல்மாடி அறை. என் கணவருக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். எங்கள் அகதி விண்ணப்பம் எங்கோ ஒரு மேசையில் கிடந்தது.

நேர்காணலில் அதிகாரி அப்பாவின் தொழிலைக் கேட்டார். "வைன்யார்ட்" என்றேன். எங்கள் நாக்குக்கு 'வ' ஒன்றுதானே, அவருக்கு அது வைன், மது, என்று கேட்டது. அவர் பேனையை நிறுத்தி, உங்கள் தந்தை மது வியாபாரியா என்று கேட்டார். என் அப்பா கள்ளுத் தவறணை இருக்கும் ஒழுங்கையால்கூடப் போகாத மனிதர். இல்லை, பழம், திராட்சைப்பழம் என்று கையால் குலை குலையாகக் காட்டினேன். இலங்கையில் விளைவது தேயிலை அல்லவா என்றார் அவர். யாழ்ப்பாணத்தில் தேயிலை இல்லை, எங்களுக்குச் செம்மண், வெயில், கிணற்றுத் தண்ணீர் என்று சொன்னேன். அவர் எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று இன்றுவரை தெரியாது.

சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு டாக்டரம்மாவும் இதே மாதிரித்தான். எங்கள் முந்திரிகையைப் பற்றிச் சொன்னபோது, "ஆமா, முந்திரிப்பருப்பு ரொம்ப விலையாச்சே" என்றார். ஆங்கிலத்திலும் தமிழிலும் என் அப்பாவின் தோட்டத்துக்கு வேறு வேறு பயிர் முளைத்துக்கொண்டிருந்தது.

அதனால்தான், எண்பத்தாறு புரட்டாதியில் பக்கத்து வீட்டு ராணியக்கா "கென்ற் பக்கம் கிரேப்ஸ் புடுங்க ஆள் கேக்கினம், வாறியே?" என்று கேட்டபோது, சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் அவருடைய வான் வண்டியில் ஏறினேன்.

செவனோக்ஸ் தாண்டி ஒரு ஒடுங்கிய பாதை. இரண்டு பக்கமும் முள்வேலி, அதில் கறுத்துப் பழுத்த பிளாக்பெரி. பாதை முடியும் இடத்தில் ஓட்டு வீடு, பழைய களஞ்சியம், அதற்குப் பின்னால் தெற்கு நோக்கி இறங்கும் சரிவு. சரிவு முழுக்க வரிசை வரிசையாக முந்திரிகை. எங்கள் ஊரில் தலைக்கு மேலே பந்தல் போட்டு நிழலுக்குள் நின்று வெட்டுவோம். இங்கே கம்பி இழுத்து இடுப்பளவு உயரத்தில் கொடியைக் கட்டியிருந்தார்கள். வெயில் போதாத நாட்டில் ஒவ்வொரு இலைக்கும் வெயில் காட்ட வேண்டும். மண் வெள்ளை. பள்ளிக்கூடத்து வெண்கட்டியை உடைத்துப் போட்டது போல. காலில் போட்ட சப்பாத்தும் கையும் மாப்பூசினாற்போல் ஆகிவிடும்.

சரிவின் உச்சியில் பீச் மரக் காடு ஒன்று நின்றது. பீச் பழ மரமல்ல, காட்டு மரம். சாம்பல் நிறத் தண்டுகள், ஒவ்வொன்றும் இரண்டு பேர் கட்டிப்பிடிக்கும் பருமன். வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை அவைதான் மறித்தன. சரிவின் அடியில் வில்லோ மரங்களுக்கிடையே ஒரு சிறு ஓடை. காலையில் ஓடையிலிருந்து எழும்பும் பனிப்புகார் பள்ளத்தாக்கை நிரப்பிவிட்டு, பத்து மணியளவில் மெல்ல விலகும். அதன் பிறகுதான் பழம் வெட்டலாம். ஈரத்தோடு வெட்டினால் அழுகும்.

தோட்டம் ஆதர் என்பவருடையது. அவருடைய பாட்டனார் காட்டை நட்டவர், தகப்பனார் அப்பிள் வைத்தவர். ஆதர் அப்பிளைப் பிடுங்கிவிட்டு முந்திரிகை வைத்தாராம். அக்கம்பக்கத்தார் இங்கிலாந்தில் வைன் செய்யப் புறப்பட்ட பைத்தியம் என்று சிரித்தார்களாம். நெடிய மனிதர், எழுபதை நெருங்கியவர், அதிகம் பேசமாட்டார். அவருடைய மனைவி ஜோன்தான் எல்லோருடனும் பேசுவார். மத்தியானம் பெரிய கேத்தலில் தேநீர் கொண்டுவந்து, எங்கள் புட்டுப் பார்சலை எட்டிப் பார்த்து இது என்ன, அது என்ன என்று கேட்பார்.

முதல் நாள் நான் ஒரு குலையை இடது கையில் ஏந்தி, வெடித்த பழங்களைக் கிள்ளி எறிந்துவிட்டுக் கூடையில் வைத்ததை ஆதர் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு முன் செய்திருக்கிறீர்களா என்று கேட்டார். என் அப்பாவிடம் முந்திரிகை இருக்கிறது என்றேன். எங்கே என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். அவர் சந்தேகப்படவில்லை. எந்த மாதம் பூக்கும், மழை எப்போது, பறவைத் தொல்லை உண்டா என்று கேட்டார். இந்த நாட்டில் முதல் தடவையாக ஒருவர் என் அப்பாவை நம்பினார்.

3

எண்பத்தேழு ஒக்டோபரில் ஊரில் சண்டை மூண்டது. இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்துக்குள் இறங்குகிறது, கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கம் ஒரே ஷெல் வீச்சு என்று கேள்விப்பட்டோம். தொலைபேசி வேலை செய்யவில்லை. கொழும்புக்கு எடுத்தால் கொழும்பில் இருப்பவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. நோர்பரியில் தமிழர் வீடுகள் எல்லாவற்றிலும் வானொலிதான். ஒரு வீட்டில் கிடைத்த கதை அடுத்த வீட்டுக்குப் போகும்போது வேறு கதையாகிவிடும். அப்பாவும் அம்மாவும் அங்கே தனியே இருந்தார்கள். நான் ஒரே பிள்ளை.

அந்தக் கிழமைதான் புயலும் வந்தது. வெள்ளிக்கிழமை விடிந்தபோது எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை, ரயில் இல்லை. தெருவோர மரம் ஒன்று முன் வீட்டு ஜன்னலுக்குள் தலையை விட்டிருந்தது. வெட்டுவதற்கு இன்னும் பாதிப் பழம் சரிவில் நின்றதால், திங்கட்கிழமை பாதை கொஞ்சம் திறந்தவுடன் ராணியக்கா வானை எடுத்தார். கணவர் என்னைப் போக வேண்டாம் என்றார்.

"போன் வந்தால் ஆர் எடுக்கிறது?"

"நீங்கள் இருக்கிறியள்தானே. இதுக்குள்ள இருந்தால் எனக்கு விசர் பிடிச்சிடும்."

கடைசிப் பகுதியை வானில் போக முடியவில்லை. விழுந்த மரங்களின் மேலாக ஏறி இறங்கி நடந்து போனோம். வளைவில் திரும்பியதும் எனக்கு இடம் தவறிவிட்டதோ என்று தோன்றியது. சரிவின் மேலே வானம் மட்டும் இருந்தது. காடு இல்லை. பீச் மரங்கள் அத்தனையும் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. பிடுங்கப்பட்ட வேர்கள் வீட்டுச் சுவர் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றன, வெண்கட்டி மண் இன்னும் பிடித்தபடி. மேல் வரிசைகள் மரக்கிளைகளுக்குக் கீழே நசுங்கிப் போயிருந்தன. மற்றக் கொடிகள் குட்டையானவை என்பதால் தப்பி நின்றன. ஆனால் இலைகள் நெருப்புப் பட்டதுபோலக் கருகியிருந்தன. கடலிலிருந்து காற்று உப்பை அள்ளிக்கொண்டு வந்து இவ்வளவு தூரம் தெளித்துவிட்டதாம். எப்போதும் பழத்துக்குக் கூட்டமாக வந்து இறங்கும் ஸ்ராலிங் குருவிகள் ஒன்றுகூட இல்லை.

ஆதர் களஞ்சிய வாசலில் ஒரு கவிழ்த்த கூடைமேல் இருந்தார். சவரம் செய்யாத முகம். எங்களைப் பார்த்து, நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கக்கூடாது, இந்த வருடம் விட்டுவிடுவோம் என்றார். ஜோன் எங்களிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: வெள்ளிக்கிழமை தொடக்கம் அப்படியேதான் இருக்கிறார், பழம் அழுகத் தொடங்கிவிட்டது, இன்னும் இரண்டொரு நாள் போனால் ஒன்றுமில்லை, சொன்னால் கேட்கிறாரில்லை.

ராணியக்கா திரும்பிப் போவோம் என்றார். எனக்குத் திரும்பிப் போக முடியவில்லை. அந்த அறைக்கு, அந்தத் தொலைபேசிக்கு, என்னால் முடியவில்லை. கத்தரியை எடுத்துக்கொண்டு கீழ் வரிசைக்குப் போய் வெட்டத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் காலடி கேட்டது. ஆதர். நிறுத்தச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"உங்கள் தந்தையின் தோட்டம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். வழக்கமாக ஒருவரை ஒருவர் சுகம் கேட்பதுபோல.

"தெரியாது" என்றேன். "அங்கே சண்டை நடக்கிறது. அப்பா உயிரோடு இருக்கிறாரோ என்றே தெரியாது."

 அவர் மன்னிக்கவும் என்று சொல்லவில்லை. இந்த நாட்டில் பஸ்ஸில் கால் பட்டால் சொல்லும் சொல் அது. என் கை வெட்டுவதைப் பார்த்தார். பிறகு காற்சட்டைப் பையிலிருந்து தன்னுடைய கத்தரியை எடுத்து, வரிசையின் மறுபக்கத்தில் குனிந்து வெட்டத் தொடங்கினார்.

அந்தக் கிழமை முழுக்க வெட்டினோம். மின்சாரம் இல்லாததால் களஞ்சியத்தின் மூலையில் கிடந்த பழைய கைப்பிழிபொறியை இழுத்து வந்து, ஆதரும் ஜோனும் மாறி மாறிச் சுற்றினார்கள். ஊரிலிருந்து செய்தி ஒன்றும் வரவில்லை. ஆனால் கைக்கு வேலை இருந்தது.

4

கார்த்திகையில் செய்தி வந்தது. கொழும்புக்கு வந்த ஒரு உறவினர் தொலைபேசியில் சொன்னார். அம்மா நல்லூர்க் கோயிலில் அகதியாக இருந்து, சண்டை ஓய்ந்த பிறகு வீட்டுக்குப் போயிருக்கிறார். அப்பா பந்தலுக்குக் கீழே ஷெல் பட்டுக் கிடந்திருக்கிறார். எத்தனை நாளாகவோ. அயலவர்கள் அங்கேயே எரித்துவிட்டார்கள்.

அம்மாவை இங்கே கூப்பிட இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் எங்களுக்கு இங்கே தங்க அனுமதி கிடைத்து, மோர்டனில் ஒரு சிறு வீட்டுக்குக் குடிவந்திருந்தோம். தனித்துப்போன விதவைத் தாய் என்று நிரூபிக்க ஒரு கட்டுக் காகிதம் வேண்டியிருந்தது. மரண அத்தாட்சிப் பத்திரத்தில் இறந்த திகதி வேண்டும். யாருக்குத் தெரியும்? கிராமசேவகர் உத்தேசமாக ஒரு திகதியை எழுதிக் கொடுத்தார். கொழும்பு நேர்காணலில் கணவர் இறந்தபோது நீங்கள் அருகில் இருந்தீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா "இல்லை" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

தொண்ணூறில் வந்து சேர்ந்தார். விமான நிலையத்தில் அழவில்லை. வீட்டுக்கு வந்தும் அழவில்லை. அப்பாவுக்குத் திவசம் செய்ய வேண்டுமே என்று நான் கேட்டபோது, "திதி தெரியாமல் என்னத்தைச் செய்யிறது" என்று பேச்சை வெட்டினார். உத்தேசத் திகதியை வைத்துச் செய்வோம் என்றால் முகம் இறுகிவிடும். கடையிலிருந்து ஒருநாள் கறுப்பு முந்திரிகைப் பழம் வாங்கி வந்தேன். அம்மா அதைத் தட்டோடு எடுத்துக் குப்பைப் பையில் கொட்டினார். "அந்த மனுசன் என்னோட வராமல் உதோட நிண்டவர்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியமில்லை.

ஒக்டோபரில் நான் போகும் இடம் ஒரு பழத்தோட்டம் என்று மட்டும் அவருக்குத் தெரியும். அப்பிள் என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

5

தொண்ணூற்றொன்று சித்திரையில் ஆதர் இறந்தார். படுக்கையில், தூக்கத்தில். ஜோன் தொலைபேசியில் சொன்னபோது நான் குசினியில் நின்று அழுததை அம்மா பார்த்துவிட்டார்.

"ஆர் செத்தது, பிள்ளை?"

"நான் வேலைக்குப் போற தோட்டத்துக்காரர்."

"அப்ப செத்த வீட்டுக்குப் போகவேணும். நானும் வாறன்."

"அது கனதூரம் அம்மா. இஞ்சை அப்பிடிப் போற பழக்கமில்லை."

"உன்ரை அப்பான்ரை செத்த வீட்டுக்கு ஊரே வரேல்லை. வர ஏலாமல் போச்சு. ஏலுமான இடத்துக்குப் போகாமல் இருக்கிறதோ?"

 அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, வெள்ளைச் சேலை, அதற்கு மேலே என்னுடைய குளிர்கோட்டு, காலில் என் பழைய சப்பாத்து என்று அம்மா வான் வண்டியில் ஏறி இருந்தார்.

வைகாசி மாதம். கொடிகளில் புதுத்தளிர் விட்டிருந்தது. காடு நின்ற இடத்தில் ஊதாநிற புளூபெல் பூக்கள் வெயிலைக் கண்டு பரவியிருந்தன. வானிலிருந்து இறங்கிய அம்மா சரிவை ஒருமுறை பார்த்தார். இலையே போதும், அவருக்கு வேறு ஒன்றும் சொல்லத் தேவையில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.  வந்த வழியே போய்விடுவார் என்று நினைத்தேன். ஆனால் வாசலில் ஜோன் நின்றார். மெலிந்து, ஒரு ஆண் போடும் கம்பளிச் சட்டைக்குள். ஆதருடைய சட்டை. அம்மா நேரே போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இழவு வீட்டில் எப்படிப் பிடிப்போமோ அப்படி.

வீட்டுக்கு வெளியே, சரிவைப் பார்த்த நீள வாங்கு இருக்கையில் மூவரும் இருந்தோம். நடுவில் நான், மொழிபெயர்க்க. ஆதருடைய கடைசி நாட்களைப் பற்றி ஜோன் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அம்மா தலையசைத்துக் கேட்டார். பிறகு ஜோன் கேட்டார்: "உங்கள் கணவருக்கு என்ன நடந்தது? ஆதர் உங்கள் மகளிடம் கேட்க விரும்பினார், கேட்கவில்லை."

நான் அதைச் சற்று மழுப்பி, அப்பாவைப் பற்றி விசாரிக்கிறா என்று மட்டும் சொன்னேன். அம்மா சரிவைப் பார்த்தபடி பேசத் தொடங்கினார். எனக்குச் சொல்லவில்லை. ஜோனுக்குச் சொன்னார். நான் ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனேன். மொழிபெயர்ப்பவர் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அம்மாவின் 'நான்' என் வாயால் வந்தது.

"எல்லாரும் கோயிலுக்குப் போகச் சொல்லிப் போட்டினம். நான் பையைக் கட்டிப்போட்டு அவரைக் கூப்பிட்டனான். குலை எல்லாம் பழுத்து நிண்டது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. மழை பட்டால் வெடிச்சுப்போம். 'நீர் முன்னுக்குப் போம், இந்த வரிசையை வெட்டிப்போட்டுப் பின்னால வாறன்' எண்டவர். நான் வாசல் படலையில நிண்டனான். திரும்பவும் கூப்பிட்டனான். கை காட்டினவர், போம் போம் எண்டு. ஷெல் கிட்டக் கேட்டுது. எனக்குப் பயமாய்ப் போச்சு. நான் போயிட்டன். திரும்பிப் பாக்கேல்லை. ஓடினனான். கோயிலில இருந்து ஒவ்வொரு நாளும் வீதியைப் பாத்தனான். போய்க் கூட்டிக்கொண்டு வர எனக்குத் துணிவு வரேல்லை. அவர் நிண்டவர் எண்டுதான் எல்லாருக்கும் சொன்னனான். நான் விட்டிட்டு ஓடினதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

அந்த 'ஓடினனான்' என் வாயில் 'ஐ ரான்' என்று வந்தது. ஜோன் என் முழங்காலில் கையை வைத்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், எனக்கு அப்பால் இருந்த அம்மாவைப் பார்த்துப் பேசினார். நான் தமிழில் சொன்னேன்.

"புயல் அடிச்ச அண்டு விடியப்புறம் ஆதர் வெளியில போனவராம். காட்டில மரம் விழுந்துகொண்டே இருந்ததாம். போகவேண்டாம் எண்டு இவ கத்தினவவாம். கேக்கேல்லையாம். தோட்டத்தைப் பாக்கவேணும் எண்டு போயிட்டாராம். இவ வாசலில நிண்டவவாம். பின்னால போகப் பயமாம். கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்க இருந்திட்டாவாம்."

ஜோன் சற்று நிறுத்தி இன்னுமொன்று சொன்னார். அதையும் சொன்னேன்.

"அவர் திரும்பி வந்தவராம். அது ஒண்டுதான் வித்தியாசமாம், அம்மா."

 அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார்.  மூன்றரை வருடமாக அடக்கிவைத்திருந்தது, முதலில் சத்தமில்லாமலும் பிறகு பெரிய சத்தமாகவும் வந்தது. இங்கிலாந்தில் யாரும் அப்படி அழுது ஜோன் கண்டிருக்கமாட்டார். அவர் பதறவில்லை. எழுந்து வந்து, என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். அதற்குப் பிறகு என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

6

 மோர்டனுக்கு வந்து முகம் கழுவிவிட்டு அம்மா கேட்ட முதல் கேள்வி, அந்த மனுசிக்குச் சமைத்துக் கொடுக்க ஆராவது இருக்கினமோ என்பதுதான். ஜோனுடைய மகள் ஹெலன் வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்தைப் பார்க்க வந்திருக்கிறாள் என்றேன். "அது சரி" என்றார்.

அந்த வருடம் புரட்டாதி முடியும் நேரம் அம்மாவே பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்தார். திவசத்துக்குச் சொல்ல ஐயரை வீட்டுக்குக் கூப்பிட்டோம். ஐயர் கையில் பேனையுடன், "எந்த நாள், எந்தத் திதி எண்டு சொல்லுங்கோ" என்றார். உத்தேசத் திகதி எழுதிய பத்திரத்தை எடுக்க நான் அலுமாரிப் பக்கம் போனேன்.

"அது வேண்டாம் பிள்ளை" என்றார் அம்மா. பிறகு ஐயரைப் பார்த்துச் சொன்னார்:

"அவர் போன நாள் எனக்குத் தெரியாது ஐயா. நான் விட்டிட்டுப் போன நாள் தெரியும். அந்த நாளையே எழுதுங்கோ."